கோழியின் காலைக் கழுவாதீர்கள்

உங்கள் வட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்த நாளிலிருந்து பார்க்கிறேன், விடிய எழும்பினால் ஆளுக்கொரு சேவல் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறீர்கள். நல்ல பழக்கம். ரோசாப்பூவைவிடச் சேவல் பார்க்க நன்றாக இருக்கிறது. இப்போது குழுவை நடத்துகிற பிள்ளை, புதிதாகக் கோழி வாங்கியவர்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறாள். "ரீச்சர், நல்லாப் புத்தி வாற மாதிரி எழுதுங்கோ" என்று சொன்னாள். புத்தி வருமோ தெரியாது, எழுதுகிறேன்.

முதலில், நான் ரீச்சர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தது என் மனிசன். அவரைக் கட்டிய தோஷத்தால் தெல்லிப்பழையில் எனக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. அவர் ஓய்வுபெற்றபோது மாலை போட்டார்கள், மேசை மணிக்கூடு கொடுத்தார்கள், இரண்டு பேர் பேசி ஒருவர் அழுதார். நான் கோழியிலிருந்து ஓய்வுபெற்றபோது ஒருவரும் அழவில்லை. அந்த நாள் எது என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

தீன், தடுப்பூசி, கூட்டின் நீள அகலம் எதுவும் இதில் இல்லை. அதற்கு யூரியூப்பில் நூறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் பிழை என்பார், இருவருடைய கோழியும் கொழுத்துத்தான் நிற்கும்.

நான் வளர்த்தது சப்பாத்துக் கோழி. இங்கிலீசில் அதற்கு ஒரு பெரிய பெயர் இருக்கிறது, எங்கள் பக்கத்தில் இப்படித்தான் சொல்வோம். ஊர்க்கோழியில் பாதி உயரம். காலில் செதிலுக்குப் பதிலாக இறகு, விரல் நுனி வரைக்கும், பூட்ஸ் போட்டது மாதிரி. நடந்து வரும்போது தன்னுடைய உடுப்பைத் தானே மிதித்துவிடுமோ என்று எங்களுக்குப் பயமாக இருக்கும். அதுக்கு ஒரு பயமும் இல்லை. வெளிநாட்டில் இந்தச் சாதிக்குப் பனிக்காலம்தான் பிரச்சினையாம். எங்களுக்குப் பனி இல்லை, மாரி இருக்கிறது. தெல்லிப்பழைச் செம்மண்ணும் மாரி மழையும் சேர்ந்தால் என்ன வரும் என்று மண்வீட்டுக்குச் சுவர் வைத்தவனைக் கேளுங்கள். அந்தச் சேறு இறகுக் காலில் உருண்டு உருண்டு திரண்டு, காய்ந்து, கோழி இரண்டு கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கும்.

இதற்கு நான் கண்டுபிடித்த சட்டம் ஒன்றுதான்: கழுவாதே. காய விடு. காய்ந்த சேற்றை விரலால் நசுக்கினால் மாவாய் உதிரும். கழுவினால் இறகு நாள் முழுக்க ஈரம், ஈரத்துக்குள் தோல் ஊறும், பிறகு விரல் அழுகும்.

இது கேட்கச் சுகமான சட்டம். கடைப்பிடிக்க எங்கள் ஆட்களால் ஏலாது. உடுப்பிட்டியில் வீதி வேலைகளைப் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஓவசியர் என்னிடம் ஒரு சோடி வாங்கினார். மாரி தொடங்கிக் கொஞ்ச நாளில் போன் எடுத்து, நான் விற்ற கோழிக்கு வருத்தம், நோய்க்கோழியைத் தந்துவிட்டேன் என்று சண்டை பிடித்தார். போய்ப் பார்த்தால் கூட்டு வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சவர்க்காரக்கட்டி, கொடியில் சின்னத் துவாய். பின்னேரம் பின்னேரம் இரண்டையும் பிடித்துக் கால் கழுவித் துடைத்துத்தான் உள்ளே விடுகிறார். விரலெல்லாம் வெளிறி வீங்கிக் கிடக்கிறது.

"வீட்டுக்கை வாறதெண்டால் காலைக் கழுவிப்போட்டுத்தானே ரீச்சர் வரவேணும்" என்றார்.

இது கூடல்லவோ என்று கேட்டேன்.

"அதுக்கு அது வீடுதானே."

அவரில் குற்றம் இல்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட முதல் கட்டளை காலைக் கழுவிப்போட்டு வா என்பதுதான். கோவிலுக்கும் அதுதான், செத்த வீட்டுக்குப் போய்வந்தாலும் அதுதான். என் மனிசனுக்கு என்னென்ன மறந்தாலும் குசினிக்குள் ஏறுமுன் கால் கழுவ மறக்காது. சேற்றுக் காலைக் கண்டால் எங்கள் கை தானாகத் தண்ணீருக்குப் போகும். அதனால் அன்றிலிருந்து கோழி வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் சட்டத்தைக் கத்திச் சொல்ல வெளிக்கிட்டேன். கோழியைக் கையில் கொடுக்குமுன் ஒருக்கால், கேற்றைத் திறக்கும்போது ஒருக்கால், ஓட்டோ வெளிக்கிட்ட பிறகு பின்னால் நின்று ஒருக்கால். அயலட்டையில் எனக்கு வேறு பெயரும் இருந்ததாம். அதை இங்கே எழுத ஏலாது.

சட்டம் சொல்லிவிட்டால் சேறு போய்விடாதே. மாரிக்கு என் கோழிகளைச் சேறில்லாத இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. அந்த இடம் மீன் வாங்கப் போன இடத்தில்தான் கிடைத்தது.

மயிலிட்டிச் சனங்கள், ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டுத் திரும்பி வந்த புதிது. பாதி கட்டிய வீடுகள், வேலி இல்லாத வளவுகள். கரையோரம் வலையும் இயந்திரமும் வைக்கிற கிடுகுக் கொட்டில்கள், வாடி என்பார்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெல்லிப்பழையில் நான் செருப்பைச் சேற்றுக்குள் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கும் காலம். அங்கே வாடிக்குள் மணல், காய்ந்து, வெள்ளையாக, சல்லடையில் அரித்துக் கொட்டியது மாதிரிக் கிடந்தது. கையில் மீன் பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வாடிக்காரி வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். மண்ணைப் பார்க்கிறேன் என்றேன். "மண் விக்கிறேல்லை, மீன்தான் விக்கிறது" என்றாள். அவள்தான் புஷ்பம்.

புஷ்பத்தின் புருசன் ராசன். படகு சொந்தம். கூடத் தொழிலுக்குப் போகிற நாலைந்து பேர், எல்லாரும் சொந்தக்காரர். வாடைக்காற்று எழும்பினால் வடகரையில் பாதி நாள் கடலுக்குப் போக ஏலாது. வலையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழிசல் பொத்துவார்கள், வாடி சும்மா கிடக்கும். எனக்கு மணல் வேணும், அவளுக்கு மாரிக்கு ஒரு வருமானம் வேணும். வாரத்துக்கு விட்டேன். ஆடு மாட்டை அப்படி விடுவது எங்கள் ஊர் வழக்கம்தான். உடமை எனக்கு, பராமரிப்பு அவளுக்கு, குஞ்சு பாதிப் பாதி. கோழியை வாரத்துக்கு விட்டதைக் கேட்டு என் மனிசன் சிரித்தார். கடற்கரைச் சனத்திடம் கோழியைக் கொடுத்தால் கறியாகத்தான் திரும்பி வரும் என்று சொன்னவர்களும் எங்கள் வேதக்கோவிலில் இருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த உடனேயே சொன்னார்கள்.

கறி என்ற கதை வாடியிலும் இருந்ததுதான். ராசனோடு தொழிலுக்குப் போகிறவர்களில் ஒருவர் ஆறடி உயரம், கதவை நிறைத்து நிற்பார். பெரியவன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நான் போகும்போதெல்லாம் கோழிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எப்ப ரீச்சர் சட்டி வைக்கிறது?" என்று கேட்பார். புஷ்பம் அவரைத் திட்டுவாள். அவளுக்கு அதுகளில் அவ்வளவு ஆசை. அதிலும் சேவலில். வெள்ளைச் சேவல், மற்றதுகள் எல்லாவற்றையும்விடக் காலிறகு நீளம். அதைத் தன் சொண்டால் கோதிக் கோதித் துப்புரவாக்குவதே முழுநேர வேலை. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்யாமல் உலாவுகிறபடியால் துரை என்று அவள்தான் பெயர் வைத்தாள். என் வளவில் நின்ற நாட்களில் ஜெப நேரம் பார்த்துக் கூவிக் கூவி என் மனிசனிடம் பேச்சு வாங்கிய சேவலுக்கு அங்கே போனபிறகுதான் ஒரு மரியாதை கிடைத்தது.

ஒரு சோடியில் தொடங்கித்தான் அந்தச் சாதியை நான் பல வருசமாகப் பெருக்கி வந்தேன். துரையை விட்டால் எனக்கு வேறு சேவல் இல்லை. வடக்கில், நான் விற்றவற்றையும் சேர்த்து, வேறு யாரிடமும் அப்படிக் கால் இறங்கிய சேவல் அப்போது இல்லை. இதை மனதில் வையுங்கள்.

அப்படியாக இரண்டு மாரி ஒழுங்காகக் கழிந்தது. மூன்றாவது மாரியில் தாழமுக்கம் வந்து புயலாக மாறியது.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறி, கடல் வாடிக்குள் ஏறியிருக்கிறது. ஆண்கள் படகுகளை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் தனியே முழங்கால் தண்ணீருக்குள் நின்று கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மீனுக்கு ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டிகளுக்குள் விட்டு, தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள். ராசன் வாடியில் மிச்சம் கிடந்த வலையை எடு, வலையை எடு என்று கத்தினாராம். இவள் கேட்கவில்லை. பொழுது படுகிற நேரம் எனக்குப் போன் எடுத்தாள். காற்றுச் சத்தத்துக்குள் பாதிதான் கேட்டது.

"ரீச்சர், எல்லாம் வீட்டுக்கை வந்திட்டுதுகள். ஒண்டும் சாகேல்லை. கால்தான் நல்லா ஊறிப்போச்சு."

"கழுவிப்போடாதை புஷ்பம்."

"ஐயோ இல்லை ரீச்சர். கழுவேல்லை."

"துணியாலை ஒத்திப்போட்டுக் காய விடு."

"ஓம் ரீச்சர்."

எவ்வளவு சந்தோசம் எனக்கு. ஓவசியருக்கு விளங்காதது இந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறதே என்று மனிசனிடம் பெருமை பேசினேன். உடனே போக வெளிக்கிட்டால் வீதியெல்லாம் வெள்ளம், ஓட்டோக்காரர் வரமாட்டேன் என்றார். சரி, எல்லாம் பத்திரம்தானே என்று படுத்துவிட்டேன்.

விடியப் போனேன். பாதி தூரம் ஓட்டோ, மிச்சம் நடை. கரண்ட் இல்லை. புஷ்பத்தின் வீட்டு விறாந்தையில் வாங்குப் பலகை போட்டு ராசனும் மற்றவர்களும் கடலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். வாசற்படியில் ஏறியதும் எனக்கு மூக்கில் அடித்தது.

"புஷ்பம், உங்கை என்ன மணக்குது?"

அவள் நின்று உண்மையாகவே மணந்து பார்த்தாள். வலப்பக்கம் திரும்பி, இடப்பக்கம் திரும்பி. "ஒண்டும் மணக்கேல்லையே ரீச்சர்." வாங்கிலிருந்த ஆண்களும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

மண்ணெண்ணெய். படகு இயந்திரத்துக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய். வாடியில் வைத்திருந்த கலன் கடல் ஏறியபோது சரிந்து திறந்திருக்கிறது. தண்ணீருக்கு மேலே படர்ந்து நின்ற எண்ணெய்க்குள்தான் கோழிகள் கால் அலம்பி நின்றிருக்கின்றன. அவளும் அதற்குள்தான் நின்றிருக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் மண்ணெண்ணெய் ஒரு மணமே இல்லை. கயிற்றில் அது இருக்கிறது, சாரத்தில் இருக்கிறது, புருசனில் இருக்கிறது, தலையணையில் இருக்கிறது. அது இல்லாவிட்டால்தான் அவளுக்கு என்னவோ பிழை என்று தெரியும். அதைப் போனில் சொல்லவேணும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

பெட்டிகளைத் திறந்தேன். ஒரு காலைத் தூக்கித் தூக்கி மாற்றிக்கொண்டு நின்றன. இறகை விலக்கிப் பார்த்தால் தோல் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. அதைவிட மோசம், காலைக் கோதிக் கோதி அந்த எண்ணெயை விழுங்கியிருக்கின்றன. துரை வாயைத் திறந்து வைத்து, மூச்சுக்கு மூச்சு கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கோதுவதில் அதுதானே பெரிய ஆள்.

இனிக் கேளுங்கள், யூரியூப்பில் இது இல்லை. கழுவாமல் விட்டால் எண்ணெய் கொல்லும். கழுவினால் அந்த வாடைக் குளிருக்குள், கரண்ட் இல்லாத வீட்டில், நனைந்த கோழி விறைத்துச் சாகும். ஒன்றைக் கழுவி ஒன்றைக் காய வைத்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை. ஒரு பக்கத்தில் என் சட்டம், மறுபக்கத்தில் அந்த மணம். பிறகு வலை வெட்டுகிற கத்தரிக்கோலைக் கேட்டேன்.

சப்பாத்தைக் கழற்ற முடிவெடுத்தேன். காலிறகு முழுவதையும் ஒட்ட வெட்டினால் எண்ணெயில் பெரும்பகுதி இறகோடு போய்விடும், மிச்சக் காலை மட்டும் வெந்நீரும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரமும் போட்டுக் கழுவினால் போதும், உடம்பு நனையாது. காலிறகு இல்லாத சப்பாத்துக் கோழியை ஒருவரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். அடுத்த இறகு உதிர்ப்பு வரைக்கும் அதுகள் குள்ள ஊர்க்கோழிதான். அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

புஷ்பம் குசினிக்குள் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு ஓடி வந்து, முதலில் துரையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் குந்தினாள்.

"அவனை வை" என்றேன்.

"துரை ரீச்சர்."

"தெரியும். வை. பேட்டுக்கோழியைத் தா."

அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்கு மறக்கவில்லை. என்னிடம் இருந்த ஒரே சேவல் அது. ஆனால் அந்த மூச்சுச் சத்தம் நெஞ்சுக்குள் எண்ணெய் இறங்கிய சத்தம். அதோடு மினைக்கெட்டால் பிழைக்கக்கூடிய பேடுகளும் போய்விடும். ஆசைப்பட்ட கோழியை முதலில் எடுக்காதீர்கள், எடுத்தால் பிழைக்கிற கோழியை முதலில் எடுங்கள். சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள். அந்த நேரம் துரையைப் பார்க்காமலே கையை நீட்டிப் பேட்டை வாங்கினேன்.

நான் வெட்ட, புஷ்பம் கழுவ, ஒவ்வொன்றாக முடித்தோம். சூட்டுக்கு என்ன செய்வது? வாங்கில் ஆண்கள் சும்மாதானே குந்தியிருக்கிறார்கள். சேட்டுத் தெறியைக் கழற்றி நெஞ்சைத் திறக்கச் சொன்னேன். ராசன் ஏன் எதற்கு என்று கேட்பதற்குள் ஒரு பேடு அவருடைய நெஞ்சுக்குள் போய்விட்டது. அடுத்தவருக்கு ஒன்று, அதற்கடுத்தவருக்கு ஒன்று. புயலுக்கும் அசையாத கடற்றொழிலாளர்கள், வரிசையாக, சேட்டுக்குள்ளிருந்து ஆளுக்கொரு கோழித் தலை எட்டிப் பார்க்க, மூச்சுக்கூடப் பலமாக விடாமல் குந்தியிருந்தார்கள். சட்டி எப்போது என்று கேட்கிற பெரியவனிடம் எல்லாவற்றிலும் சின்னப் பேட்டைக் கொடுத்தேன். அவர் அதனோடு என்னவோ மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தால் ஆடாமல் அசையாமல், "ரீச்சர், சூடாக் கிடக்கு" என்றார். அது பீச்சிவிட்டது. அசையக் கூடாது என்று நான் சொல்லியிருந்தபடியால் மனுசன் அசையவில்லை.

கடைசிப் பேட்டையும் கொடுத்த பிறகுதான் துரையை எடுத்தோம். புஷ்பம்தான் வெட்டினாள். அவள்தான் கழுவினாள். சீலைத் தலைப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் குந்தினாள். மத்தியானத்துக்கு முன் அது போய்விட்டது. காலில் ஒரு இறகும் இல்லாமல், சின்னதாக, யாருடையவோ கோழி மாதிரிக் கிடந்தது. நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு அழுகை வந்தால் ஒளிக்கத் தெரியாது.

புஷ்பம் அழவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கள் கழுவாதை எண்டு சொன்னியள் ரீச்சர். நான் கழுவேல்லை."

குறை சொல்லவில்லை அவள். சொன்னதைச் செய்தேன் என்று சொன்னாள். அதுதான் எனக்கு நெஞ்சில் இடித்தது. போனில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எதிலை நனைஞ்சது? அதைக் கேட்கிற இடத்தில் நான் சட்டம் சொன்னேன். அவள் வேறு மாதிரி யோசித்திருந்தாலும் யோசித்ததைச் சொல்ல என் சத்தம் இடம் விட்டிருக்காது.

துரையைப் பெரியவன்தான் மணலில் குழி தோண்டிப் புதைத்தார். கூட நின்ற ஒருவர், மண்ணெண்ணெய் பட்டிராவிட்டால் கறிக்கு ஆகியிருக்கும் என்று ஏதோ சொல்ல வெளிக்கிட்டார். பெரியவன் திரும்பிப் பார்த்தார். மற்றவர் சொல்லி முடிக்கவில்லை.

பேடுகள் எல்லாம் பிழைத்தன. ஆனால் பேட்டை மட்டும் வைத்து என்ன செய்வது? மிச்சமிருந்த நம்பிக்கை குசினி மூலையில் ஒரு ஓலைக் கடகத்துக்குள் இருந்தது. புயலுக்கு முன்னமே புஷ்பம் கொஞ்ச முட்டையை அவளுடைய ஊர்க்கோழிக்கு அடை வைத்திருந்தாள். துரையின் முட்டைகள். அதில் கால் இறங்கிய ஒரு சேவலாவது வரவேணும். வராவிட்டால் என் பல வருசப் பாடு அந்தக் குழியோடு சரி. வந்தாலும், புஷ்பமும் அவளுடைய மணலும் இல்லாமல் அது அடுத்த மாரியைத் தாண்டாது.

அந்தப் புஷ்பம்தான் உடைந்துபோனாள். கோழியைத் தான் கொன்றுவிட்டாள் என்று நினைத்தாள். அடைக்கோழியை இடம் மாற்ற ஏலாது என்றபடியால்தான் கடகத்தைத் திருப்பித் தராமல் வைத்திருந்தாள். மற்றபடி எல்லாவற்றுக்கும் எனக்குப் போன். ரீச்சர், தண்ணி மாத்தட்டோ? ரீச்சர், அடைக்கோழி எழும்பிப் போட்டுது, பிடிச்சு இருத்தட்டோ? ரீச்சர், கோழி என்னைப் பார்க்குது. ஒருநாள் போன் எடுத்து, "ரீச்சர், மழை பெய்யுது" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு என் மனிசன்தான் எடுத்தார். "பெய்யட்டும் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புதிதாக வந்தவர்களே, உங்களிடம் வேலை பழகுகிற ஒருவர் எல்லாவற்றையும் உங்களிடம் கேட்டுச் செய்தால் அது மரியாதை என்று பூரிக்காதீர்கள். அந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்கிறார் என்று அர்த்தம். எனக்கு இது விளங்கப் புயல் வேண்டியிருந்தது. கட்டளை போடுவதை நிறுத்திப் பார்த்தேன். அவள் கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டேன். அந்தப் பக்கம் கோழி கொக்கரிக்கிறது கேட்கும், அலை கேட்கும். கடைசியில் போனில் காசு முடிந்து வெட்டிவிடும்.

முட்டை பொரித்தது. பாதிக்கு மேல் கூழ். மிச்சத்தில் ஒன்று வளர வளரக் காலில் வெள்ளை இறகு இறங்கி, விரலை மூடி, ஒருநாள் குப்பை மேட்டில் ஏறி நின்று கரகரத்த தொண்டையால் கூவியது. புஷ்பம் சின்னத்துரை என்று கூப்பிட்டாள். வாரப்படி பங்கு பிரிக்கும்போது அதை எனக்கே தந்தாள். தனக்கு வேண்டாம், தனக்குப் பயம் என்றாள்.

அடுத்த மாரிக்கு நானே சின்னத்துரையையும் பேடுகளையும் கொண்டுபோய் அவளுடைய வாடியில் விட்டேன். மாட்டேன் என்றாள். மணல் இங்கேதானே இருக்கிறது, நான் வேறு எங்கே போக என்றேன். மண்ணெண்ணெய்க் கலன்களை ராசன் வேறு கொட்டிலுக்கு மாற்றியிருந்தார். போன்கள் குறையவில்லை. கார்த்திகை, மார்கழி எல்லாம் அட்டோ, இட்டோ என்று கேட்டுக் கேட்டே கழிந்தது.

தைப்பொங்கல் கழிந்தால் கோழிகள் தெல்லிப்பழைக்குத் திரும்பிவிடும். அதுவும் என் சட்டம்தான், அதில் நான் ஒருநாளும் மாறியதில்லை. ஓட்டோவுக்குச் சொல்லி, கூடு துப்புரவாக்கி, கிணற்றடியில் நின்று தீன் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வரும்போது போன் அடித்தது.

"ரீச்சர், ஓட்டோவை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆரைக் கேட்டுச் சொன்னனீ என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. முதல் தடவையாக.

"உங்கடை ஊர் ஆக்கள் விடிய மீன் வாங்க வந்தவை. எல்லாற்றை செருப்பையும் பாத்தனான். செம்மண் அப்பியிருக்கு. உங்கை நிலம் காயேல்லை ரீச்சர். நான் இப்ப விடமாட்டன். காய்ஞ்சாப் பிறகு நானே கொண்டு வாறன்."

நான் போனைக் காதில் வைத்தபடி குனிந்து பார்த்தேன். கிணற்றடிக்குப் போய்வந்த என் கால். விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகச் சேறு.

"ரீச்சர், கோவமோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "காலைக் கழுவிப்போட்டு வாறன்."

அன்றைக்குத்தான் நான் ஓய்வுபெற்றேன். மாலையும் போடவில்லை, மணிக்கூடும் தரவில்லை. கோழிகள் இப்போது புஷ்பத்துடையவை. உங்கள் கோழியின் கால் நனைந்துவிட்டது என்று அவளுக்குப் போன் எடுத்துப் பாருங்கள். கழுவு என்றோ கழுவாதே என்றோ உடனே சொல்லமாட்டாள். எதிலை நனைஞ்சது என்று முதலில் கேட்பாள்.